நடுவில் இருந்த எழுத்துகள்

இப்பல்லாம் யாராச்சும் போன நீட்டி, "இத கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க"ன்னா எனக்கு எரிச்சலா வருது. கண்ணாடி எடுத்துட்டு வரலன்னு சொல்லி நழுவிடறேன். கண்ணாடி என் கழுத்துலயே தொங்கிட்டிருக்கும். அவங்களும் அதப் பாத்துட்டுப் போயிடுவாங்க. இத்தனைக்கும் பாத்துச் சொல்றதுதான் என் பொழப்பே. பாலக்கோட்டுல ஒரு தக்காளி மண்டியில இருபது வருஷத்துக்கு மேல சரக்கு பாக்கறவ நான். அவளே இப்படிப் பண்றாளேன்னு நெனைப்பாங்க. நெனச்சிட்டுப் போகட்டும், எனக்குச் சலிச்சிப் போச்சு.

சரக்கு பாக்கறதுன்னா பெரிய வித்தை ஒண்ணும் இல்லீங்க. காலையில டெம்போவுலயும் டிராக்டர்லயும் பெட்டிங்க வந்து எறங்கும். ஏலத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பெட்டியையும் பாத்து அனுப்பணும். மேல் அடுக்குல ஒரு பார்வை. அப்புறம் பெட்டியச் சாய்ச்சி, பக்கத்து ஓட்டை வழியா அடி அடுக்குல ஒரு பார்வை. அவ்ளோதான், அடுத்த பெட்டி. நடுவுல கைய விட்டுக் கிளறுனா பழம் நசுங்கும். நேரமும் இருக்காது, பின்னாடி ஏலக்காரர் கத்திட்டிருப்பார். நடுவுல சொத்தை வைக்கறதுக்கு யாருக்கும் தைரியமும் வராது. பெங்களூர்ல பெட்டியக் கொட்டுனதும் குட்டு வெளிய வந்துடும், மறுநாள் அந்த ஆளு இதே மண்டிக்குத்தான் திரும்ப வந்தாகணும். அந்த நம்பிக்கையிலதான் நாங்க நடுவப் பாக்கறதில்ல. இத்தனை வருஷத்துல நான் விட்ட பெட்டியில தப்பு வந்தது கைவிரல்ல எண்ணிடலாம்.

என் தம்பி என்னவிட பத்து வயசு சின்னவன். ஓசூர்ல ஒரு கம்பெனியில காண்ட்ராக்ட் வேலை. என் வூட்டுக்காரர் செத்ததுல இருந்து நான் தனியாத்தான் இருந்தேன், அதனால அவனும் அவன் பொண்டாட்டியும் ரெண்டு புள்ளைங்களும் என் வூட்டுப் பின்கட்டுலயே தங்கிட்டாங்க. இருக்கறது ஒரே அடுப்படி. தம்பி பொண்டாட்டி என்கிட்ட ஒரு வார்த்தை மரியாதக் குறைவா பேசினதில்ல, அதுக்காக அவளுக்கு மனசு இல்லாமலா போயிடும்? உப்பு டப்பாவ நான் ஒரு எடத்துல வைப்பேன், அவ ஒரு எடத்துல வைப்பா, நான் மறுபடியும் எடுத்துப் பழைய எடத்துலயே வைப்பேன். எனக்கே தெரியும் அது எவ்ளோ எரிச்சல்னு. அவ ஆசையெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான், அவ பேர் சொல்ல ஒரு அடுப்படி. அதுக்காகத்தான் ஊருக்கு வெளிய எடம் வாங்கி செவுரு எழுப்பினாங்க. செவுரு ஏறிடுச்சு, ஜன்னல் கட்டை வச்சாச்சு. மேல தளம் போட வேண்டியதுதான் பாக்கி. அதுக்குண்டான பணமும் பேங்க்ல தயாரா இருந்துச்சு.

அந்தப் பணத்துலதான் சனி வந்து உக்காந்துச்சு. தம்பி கூட கம்பெனி பஸ்ல வர்றவங்கல்லாம் காயின் வாங்கறதப் பத்தித்தான் பேசுவாங்களாம். கிரிப்டோ காயின். கண்ணுக்குத் தெரியாத காசு, போனுக்குள்ளயே இருக்கும், போனுக்குள்ளயே ஏறும் எறங்கும். புதுசா ஒரு காயின் வெளிய வர்ற அன்னைக்கு மொதல்ல வாங்கிட்டு, அன்னைக்கே வித்துட்டா லாபமாம். தம்பி ஒரு தடவ கொஞ்சமா போட்டுப் பாத்தான், வந்துச்சு. புது வூட்டுக் குளியலறைக்கு, தளம் போடறதுக்கு முன்னாடியே, ஆசைக்கு டைல்ஸ் அந்தக் காசுலதான் வாங்கிப் போட்டான். பளபளன்னு இருந்துச்சு, நான் ஒண்ணும் பொய் சொல்லல.

"ஏண்டா, ஈமு கோழி வாங்கி நம்ம சொந்தக்காரங்க பாதி பேரு நெலத்த வித்தாங்களே, மறந்து போச்சா?"ன்னு கேட்டேன்.

"அக்கா, அது கோழி. இது காயின்."

"கோழியாச்சும் கடைசியில கொழம்புக்கு ஆச்சு. இத என்னத்துல போட்டு வேக வைப்ப?"

சிரிச்சான். அவன் பொண்டாட்டியும் சிரிச்சா. நானும் சிரிச்சேன். அப்ப எங்க வூட்டுல அப்படிச் சிரிக்கற வழக்கம் இருந்துச்சு.

தம்பி ஒண்ணும் ஏமாளி இல்லீங்க, அத நான் இங்க சொல்லியே ஆகணும். அடுத்ததா ஒரு புதுக் காயின், ஒரு ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆறு மணிக்குத் தொறக்குறாங்கன்னு சேதி வந்துச்சு. வர்றதுக்கு முன்னாடியே அவன் எல்லாத்தையும் விசாரிச்சி வச்சிட்டான். இந்த மாதிரி நாள்ல போலி நெறைய வருமாம். அதே பேரு, அதே படம் வச்சி எவன் வேணும்னாலும் ஒரு காயின் செஞ்சி விட்டுடலாம், கேக்க ஆளே கெடையாது. அசலையும் போலியையும் பிரிச்சிக் காட்டறது ஒண்ணே ஒண்ணுதான், அந்தக் காயினோட முகவரி. முகவரின்னா தெருப்பேரு இல்ல. இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும் கலந்து நாப்பதுக்கு மேல நீளமா ஒரு வால். அந்தக் காயின்காரங்களோட சொந்தப் பக்கத்துல அது போட்டிருந்தாங்க. தம்பி அதப் பாத்து, ஓசூர்ல மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல உக்காந்து, ஒவ்வொரு எழுத்தா ஒரு சீட்டுல எழுதி எடுத்துட்டு வந்தான். "வாங்கறப்ப போன்ல காட்டுற முகவரியும் இதுவும் ஒண்ணா இருந்தாத்தான் பணம் போடுவேன்"ன்னு சொன்னான். அதுல ஒரு குத்தமும் சொல்ல முடியாது.

அந்த ஞாயித்துக்கெழம சாயங்காலம் முன் ரூம்ல கட்டில் மேல உக்காந்திருந்தான். ஆறு அடிக்கக் கால் மணி நேரம் இருக்கறப்ப, காயின் வாங்கறவங்களுக்குன்னு போன்ல அவன் சேந்திருக்கற குரூப்புல "தொறந்தாச்சு, சீக்கிரம் வாங்க"ன்னு ஒரு லிங்க் வந்துச்சு. அமுக்குனா பேரு சரியா இருக்கு, படம் சரியா இருக்கு, கீழ முகவரி. அவன் போனையும் சீட்டையும் என் கையில குடுத்தான்.

"அக்கா, ரெண்டும் ஒண்ணான்னு பாரு. எனக்குக் கண்ணுல எழுத்தெல்லாம் ஆடுது. நீ பாத்தா தப்பு வராது."

அவன் பொண்டாட்டி அடுப்படி வாசல்ல ஈரக் கையோட நின்னுட்டிருந்தா. நான் அன்னைக்குக் காலையில நாலு மணியில இருந்து நின்ன காலு, கெண்டைச் சதை கழண்டு விழற மாதிரி வலி. சீக்கிரம் முடிச்சிட்டுப் படுக்கணும்னு இருந்துச்சு. சீட்டுல மொத நாலு எழுத்தப் பாத்தேன், போன்ல பாத்தேன். ஒண்ணா இருந்துச்சு. சீட்டுல கடைசி நாலு எழுத்தப் பாத்தேன், போன்ல பாத்தேன். ஒண்ணா இருந்துச்சு.

"சரியா இருக்கு, போடு"ன்னேன்.

பாதிப் பணம் போடறதாத்தான் அவன் காலையில சொல்லிட்டிருந்தான். "அக்காவே பாத்துட்டா, அப்புறம் என்ன"ன்னு முழுசையும் போட்டான்.

கொஞ்ச நேரத்துல காயின் அவன் கணக்குல வந்து உக்காந்துச்சு. ஏறவும் ஏறுச்சு. தம்பி தொடையில தட்டிக்கிட்டான். "அக்கா, மேஸ்திரிக்கு போன் பண்ணி நாளைக்கே கம்பி கட்டச் சொல்லிடலாமா?"ன்னான். ஆறரைக்கு விக்கலாம்னு அமுக்குனான், விக்க மாட்டேன்னுச்சு. மறுபடி அமுக்குனான். பத்துத் தடவ, இருபது தடவ அமுக்குனான். வாங்க முடியும், விக்க முடியாது, அப்படித்தான் அந்தக் கருமத்தச் செஞ்சி வச்சிருக்கான் எவனோ. அதுக்குள்ள குரூப்புல வேற வேற ஆளுங்க அசல் காயின் ஆறு மணிக்குத்தான் தொறந்துச்சு, செமயா ஏறுதுன்னு கைதட்டற படமெல்லாம் போட்டுட்டிருந்தாங்க. தம்பி வச்சிருந்ததோட மதிப்பு ஏழு மணிக்கு முட்டையா போச்சு.

தம்பி எழுந்து பின்பக்கம் ஓடினான். வாந்தி எடுக்கற சத்தம் கேட்டுச்சு. அவன் பொண்டாட்டி வாசப்படியில எங்களுக்கு முதுகக் காட்டிட்டு உக்காந்திருந்தா. போனு கட்டில் மேலயே கெடந்துச்சு. நான் சீட்ட எடுத்துப் பக்கத்துல வச்சி, விரல வச்சி ஒவ்வொரு எழுத்தா பாத்தேன். மொத நாலு சரி. அஞ்சாவது எழுத்தே வேற. ஆறாவது வேற. கடைசி நாலு வர்ற வரைக்கும் எல்லாமே வேற.

ஐயோ சாமி! தம்பி மொகத்தக் கழுவிட்டு உள்ள வந்து, "அந்தச் சீட்டு எங்கக்கா?"ன்னு கேட்டான். சீட்டு என் சுருக்குப் பைக்குள்ள போயிடுச்சு.

"தெரியலடா. கீழ எங்கயாச்சும் விழுந்திருக்கும்."

அவன் தேடக்கூட இல்ல. "நீ பாத்தப்ப ரெண்டும் ஒண்ணாத்தானே இருந்துச்சு. அப்ப நான் ஓசூர்ல பாத்து எழுதினதே போலிப் பக்கமா இருக்கும். நாந்தான்க்கா மோசம் போயிட்டேன்"ன்னான். நான் சுருக்குப் பையோட கயித்த இறுக்கி இடுப்புல சொருகிக்கிட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சி தர்மபுரிக்குப் பஸ் ஏறிப் போயி புகார் குடுத்தோம். அங்க ஒரு பொம்பளப் போலீசு, நல்ல பொண்ணு, பொறுமையா கேட்டுச்சு. ஆதார் அட்டைய ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்கன்னு தம்பிய வெளிய அனுப்பிச்சு. அவன் போனதும் என்கிட்ட சொல்லுச்சு.

"இது இப்ப ரொம்ப நடக்குதும்மா. முன்னாடி நாலு எழுத்தும் பின்னாடி நாலு எழுத்தும் அசல் மாதிரியே வர்ற வரைக்கும் கம்ப்யூட்டர ஓட விட்டு முகவரி செய்யறாங்க. ஏன்னா ஜனங்க அத மட்டும்தான் பாப்பாங்கன்னு அவனுங்களுக்குத் தெரியும். எழுதி வச்ச சீட்டு ஏதாச்சும் இருக்கா?"

"இல்லம்மா"ன்னேன். சுருக்குப் பை இடுப்புலதான் இருந்துச்சு.

தம்பி ஜெராக்ஸோட வந்து, "என்னக்கா சொன்னாங்க?"ன்னு கேட்டான். "பாக்கலாம்னாங்க"ன்னு சொன்னேன். திரும்பி வர்றப்ப பஸ்ல ஜன்னல் பக்கம் நான், பக்கத்துல அவன். எனக்கு டிக்கெட் எடுத்து, தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்து, "நீ எதுக்கு மொகத்த இப்படி வச்சிட்டிருக்க, போனது போச்சு விடு"ன்னு எனக்கு அவன் ஆறுதல் சொல்லிட்டு வந்தான். கேக்கக் கேக்க எனக்கு என்மேலயே அருவருப்பா இருந்துச்சு.

அதுக்கப்புறம் வூட்டுல நடந்ததெல்லாம் ஏட்டுல எழுதுற கதையில்ல. தம்பி பொண்டாட்டி பேச ஆரம்பிச்சிட்டா. அதுவரைக்கும் புருஷன எதுத்துப் பேசாதவ, காலையில டம்ளர் வைக்கற சத்தத்துலயே தொடங்குவா. "கண்ணு என்ன பொடனியிலயா இருந்துச்சு? பாத்து எழுதறதுக்குக்கூடத் துப்பில்லாதவனுக்கு எதுக்குய்யா காயினு?" அவன் தலையக் குனிஞ்சிட்டு இட்லிய விழுங்கிட்டுப் போவான். ரெண்டு ஷிப்டா பாத்தான். ஓசூர்ல இருந்து வந்து எறங்கறப்ப நடையே தள்ளாடும். திட்டறது எல்லாம் நான் இருக்கறப்பத்தான், நான் மண்டிக்குப் போயிட்டா வூட்டுல சத்தமே இருக்காதுன்னு பக்கத்து வூட்டுக்காரி ஒருநாள் சொன்னா. அப்பக்கூட எனக்கு ஒறைக்கல.

சொல்லிடணும்னு தெனமும் நெனைப்பேன். இன்னைக்கு அவனுக்குக் காய்ச்சல், நாளைக்குச் சொல்லலாம். நாளைக்கு அவளுக்குத் தலவலி. இப்படியே ஓடுச்சு. நடுவுல ஒரு நாள் அந்த அசல் காயினும் தரமட்டத்துக்கு விழுந்து நாசமா போச்சுன்னு யாரோ சொன்னாங்க. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. அசலையே வாங்கியிருந்தாலும் போயிருக்கும்தானேன்னு நெஞ்ச நீவி விட்டுக்கிட்டேன். ஆனா அவன் அன்னைக்கே வித்துட்டு வர்றதாத்தானே இருந்தான்? அன்னைக்கு அது ஏறத்தானே செஞ்சுச்சு? அந்தச் சமாதானமும் ஒரு நாள்கூட நிக்கல.

மழ முடிஞ்சி ஒரு ஞாயித்துக்கெழம, மூணு பேரும் அந்தக் கட்டி முடிக்காத வூட்டுக்குப் போனோம். உள்ள செடி மண்டிக் கெடக்கு, வேர் விட்டு அஸ்திவாரத்தக் கெடுத்துடும், புடுங்கணும்னு அவ சொன்னா. மேல தளம் இல்லாததால மழத்தண்ணி நேரா உள்ளயே விழுந்து, ஹால்ல பார்த்தீனியம் இடுப்பு ஒசரத்துக்கு நிக்குது. குளியலறையில அந்த டைல்ஸ் மேலெல்லாம் பச்சப் பாசி. தம்பி டீ வாங்கிட்டு வர்றேன்னு கடைக்குப் போனான். நாங்க ரெண்டு பேரும் அடுப்படி வரப்போற எடத்துல குனிஞ்சி செடி புடுங்கிட்டிருந்தோம். அவ மேடை வரவேண்டிய செவுத்துல ஒட்டியிருந்த மண்ணக் கையாலயே தொடச்சிட்டிருந்தா. அதப் பாத்ததும் எனக்குத் தாங்கல.

"புள்ள, அவன் எழுதினதுல தப்பு இல்ல. சீட்டு சரியாத்தான் இருந்துச்சு. நாந்தான் முன்னாடியும் பின்னாடியும் மட்டும் பாத்துட்டு சரின்னு சொல்லிட்டேன். நடுவுல பாக்கல. சீட்டு என்கிட்டயேதான் இருக்கு."

அவ நிமிரல. செடியப் புடுங்கி மண்ண ஒதறி ஓரமாப் போட்டா.

"தெரியும் அண்ணி."

அவ அப்புறம்தான் நிமிந்தா.

"நான் வாசல்லதானே நின்னேன். நாப்பது எழுத்து இருக்கு, நீங்க ரெண்டே தடவ கண்ண ஓட்டிட்டு சரின்னீங்க. நடுவுலயும் பாருங்க அண்ணின்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சந்தையில பழுத்தவங்களுக்குப் போயி நாம சொல்றதான்னு முழுங்கிட்டேன். அதான் அண்ணி எனக்கு மனசு ஆறல. உங்களத் திட்ட முடியல, என்னையத் திட்டிக்கவும் முடியல. அவரு கெடைச்சாரு, அவரப் போட்டு அரைக்கறேன். நீங்களாச்சும் குறுக்க வந்து சொல்லுவீங்களான்னு பாத்தேன். தெனமும் பாத்தேன்."

"இப்ப அவன் வந்ததும் சொல்லிடறேன்"ன்னேன். அழுக முட்டிட்டு வந்துச்சு. சொல்லிட்டா எறங்கிடும்னு இருந்துச்சு.

"வேணாம்."

"ஏன் புள்ள?"

"கம்பெனி பஸ்ல ஆசை காட்டினாங்க, குரூப்புல ஏமாத்திட்டாங்க, கட்டினவ நான் இப்படிப் பேசறேன். இதுக்கு நடுவுல அந்த மனுஷன் உங்கள மட்டும்தான் அண்ணி இன்னும் நம்பிட்டிருக்காரு. நேத்துகூட, 'அக்கா பாத்தது சரியாத்தான்டி இருக்கும்'னு சொல்றாரு. நீங்க சொன்னீங்கன்னா உங்களுக்குப் பாரம் எறங்கிடும். அப்புறம் அவருக்கு யாரு இருக்கா? அவரு தப்புன்னே அவரு நெனச்சிட்டிருக்கட்டும். நான் இனிமே திட்டல."

சொல்லிட்டு மறுபடி குனிஞ்சிட்டா. எனக்கு அவளக் கட்டிப் புடிச்சிக்கணும்போலவும் இருந்துச்சு, அவ மொகத்துலயே முழிக்கக் கூடாதுன்னும் இருந்துச்சு.

தம்பி தூக்குப் பாத்திரத்துல டீயோட வந்தான். நிலைக்கதவு இல்லாத வாசல்ல நின்னு எங்க ரெண்டு பேரு மொகத்தையும் மாறி மாறிப் பாத்தான்.

"என்ன, மறுபடியும் காயின் புராணமா?"ன்னு அவளக் கேட்டுட்டு, எனக்கு டீய ஊத்தி நீட்டினான். "நீ எதுக்குக்கா இதுக்கெல்லாம் கண்ணக் கசக்கற? அவ சொல்றதுல என்ன தப்பு? என் தப்புதான். நான் பாத்து எழுதி இருக்கணும்."

அவ செடியப் புடுங்கறத நிறுத்திட்டு என்னையே பாத்தா.

டீய வாங்கிக்கிட்டேன்.

"ஆமாடா"ன்னேன். "பாத்து எழுதி இருக்கணும்."